வெள்ளைக் கோட்டும் அக்கா முகமும்

"நீங்க சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் தாடைக்குள் கட்டி. வெளியே தெரியாது, ஆனால் அடுத்த வாரம் கன்னத்தில் பாதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். பழைய முகத்தைப் பார்த்துத்தான் கட்டுவாராம்.

எங்கே போவது போட்டோவுக்கு? ஆல்பம் முழுக்க அக்கா ஒரு கறுப்புத் திட்டு. பக்கத்தில் அத்தான் செக்கச்செவேல் என்று நிற்பார். எடுத்தவர்கள் எல்லாரும் அவருக்கே வெளிச்ச அளவு வைத்தார்கள், அக்காவுக்குப் பல் மட்டும்தான் மிஞ்சியது. தங்கச்சி நான் ஸ்டுடியோ வைத்திருந்து என்ன பிரயோஜனம்? கூப்பிட்டால், "எதுக்குடி ஃபிலிமை வீணாக்குற?" என்பாள்.

"தனியா உக்காருக்கா, ரெண்டே நிமிஷம்" என்றேன்.

"தனியா உக்காந்தா அழுகைதான் வரும். அவர் பக்கத்துல இருந்தாத்தான் சிரிப்பு வரும்."

அத்தானுக்கு பேக்கரி அடுப்பை விட்டு வர முடியாது. ஆக, பேக்கரியின் பின்வாசலில், உச்சி வெயிலில், வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்த மனுஷனையும் அக்காவையும் ஒன்றாக எடுக்க வேண்டும். ஒரு வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. எரிச்சலோடு ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

முட்டைக்குப் பக்கத்தில், ஃபிலிம் கெடாமலிருக்க வைத்த இரண்டு டப்பா. ஒன்று, டைல்ஸ் கம்பெனிக்காரர்களுக்குப் படம் எடுக்கும் கலர் ஸ்லைடு ஃபிலிம். நிறம் அள்ளும். ஆனால் பிடிவாதம் பிடித்தது. கோட்டைக் காப்பாற்றினால் அக்கா இருண்டுவிடுவாள், அக்காவைக் காப்பாற்றினால் அத்தான் வெளுத்துக் காணாமல் போவார். இன்னொன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ். வெயிலையும் நிழலையும் ஒன்றாகத் தாங்கும். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் கோபித்துக்கொள்ளும். அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தானை மறந்துவிட்டு அக்காவின் கன்னத்துக்கு அளவு வைத்தேன். "கட்டியை எடுக்கறப்போ அப்படியே அந்த வாயையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். அழுத்திவிட்டேன்.

கழுவிப் பார்த்தால் நெகட்டிவில் எல்லாம் இருந்தது. கோட்டின் மடிப்பு, அக்காவின் கண், கன்னக்குழி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது அக்கா வந்திருந்தாள். கையில் பிரிண்ட். நான் தூங்கட்டும் என்று என் வீட்டுக்காரரே போட்டுக் கொடுத்திருந்தார். ஸ்டுடியோவுக்கு வருகிற எல்லார் முகத்தையும் பிரிண்டில் கொஞ்சம் வெளுப்பாக்கிவிடுவது அவர் பழக்கம். கேட்டால், "யாரும் வேணாம்னு சொன்னதில்லையே" என்பார். அக்காவுக்கு, பிரியத்தில், இன்னும் ஒரு பங்கு கூடவே வெளுப்பாக்கியிருந்தார். கன்னக்குழி போன இடம் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கா அண்ணி?" என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கா, தம்பி. ஆனா டாக்டர் இவளைப் பார்த்துத் தைச்சிட்டா, எங்க வீட்டுக்காரரு யாரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு?"

அவர் பிரிண்டை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். அந்த மனுஷன் முகம் அவ்வளவு தொங்கி நான் பார்த்ததில்லை. திட்ட வாயெடுத்தவள் விட்டுவிட்டேன், திட்டவும் தெம்பில்லை.

இரண்டாவது பிரிண்ட் ஈரத்தோடு வந்தது. கோட்டு கோட்டாக இருந்தது, அக்கா அக்காவாக இருந்தாள். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலைத் தன் இடது கன்னத்தில் வைத்துத் தடவினாள்.

"ஏன்டி, எனக்குக் குழி விழுமா?"

"உனக்குத் தெரியாதா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு யாருடி சிரிக்கிறா?"

கட்டியும் அந்தப் பக்கம்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"டாக்டர்கிட்ட மறக்காம காட்டு" என்றாள் அக்கா, விரலை எடுக்காமலே. "இதை மட்டும் விட்டுடாம தைக்கச் சொல்லு."