நாள் முழுக்க என்று போட்ட ஞாயிறு

1

பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், குளிக்கும்போது வருமாம். எனக்கு இது போனில் வந்தது. டிங் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் கீழே மூன்று பட்டன்: சரி, இல்லை, ஒருவேளை. இதை எழுதும் இந்த நேரம்வரை மூன்றில் ஒன்றையும் நான் அமுக்கவில்லை. அமுக்காமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறேனோ என்றும் தோன்றுகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஷிஃப்ட் முடியும்போது சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பூட்டிவிடுவார். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் கதை எதுவரை போகிறதோ, அதுவரைதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"காலம் என்னும் பெருநதி கரைபுரண்டு ஓடும்போது"

அடித்துவிட்டேன். நதியைப் பக்கத்தில் நின்று பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது. பிறகு இப்படி:

"குளிர்கிடங்கில் பெட்டி இறக்கும் ஒருவன், தன் அக்காவுக்காக"

அதுவும் அப்படியே கிடக்கட்டும். 'ஒருவன்' என்று எழுதியதும் அவன் யாரோ எவனோ ஆகிவிட்டான். இவன் எவனோ இல்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒவ்வொரு பருக்கையாக விசாரித்துத் தின்றுகொண்டிருக்கிறான். பெயர் அவசரம். பெற்றவர்கள் வைத்தது வேறு. இவன் ஒரு பெட்டியை லாரியிலிருந்து இறக்கி வைப்பதற்குள் உள்ளே இருக்கிற ஐஸ் தண்ணீராகிவிடும் என்று நாங்கள் வைத்த பெயர் இது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவான். மெதுவாகத்தான் வருவான்.

(என்னை இங்கே வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டி அ, ஆ எழுதிப் பழகியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?)

3

எங்கள் வேலை நேரமெல்லாம் முன்பு சுவரில் ஒட்டியிருக்கும். இப்போது போனில், காலண்டராக வருகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தது. நல்ல பெண். தொண்டை கட்டும்வரை பேசியது.

அது சொன்னதை எனக்கு விளங்கிய வரையில் எழுதுகிறேன். ஈவென்ட் என்பதற்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும். நாலு பேரைக் கூப்பிடலாம். கூப்பிட்டவனுக்குச் சரி, இல்லை, ஒருவேளை என்று பதில் சொல்ல இடம் இருக்கும். டாஸ்க் என்பதற்கு வால் கிடையாது. செய்து முடித்தால் டிக் அடிக்கலாம். செய்யாவிட்டால் தானாகவே நகர்ந்துபோய் மறுநாளில் உட்கார்ந்துகொள்ளும். ரிமைண்டர் வெறும் சத்தம். கத்திவிட்டுப் போகும், நம் நேரத்தில் கால் நிமிஷத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளாது.*

"எங்க வீட்ல மூணும் ஒரே ஆளுதாம்மா," என்றான் அவசரம். "கூப்பிடுவா, வேலை வைப்பா, கத்துவா."

"அவங்க போன்ல உங்கள எதுல போட்டிருப்பாங்கண்ணே?" என்று கேட்டது அந்தப் பெண்.

"டாஸ்க்தான். வேறென்ன? தினமும் மறுநாளைக்குத் தள்ளிட்டே இருக்கா."

அறையே சிரித்தது.

* இன்னொரு வகை, திரும்பத் திரும்ப வருவது. எங்கள் ஷிஃப்ட் எல்லாம் அந்த வகை. அதில் ஒன்றை அழிக்கப் போனால், இது மட்டுமா, இனி வருவது எல்லாமுமா என்று கேட்கும். ஒருநாள் கை தவறி 'எல்லாமும்' என்பதை அமுக்கிவிட்டேன். வருஷக் கடைசிவரை வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. சூப்பர்வைசர் திருப்பிப் போடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போனில் அதைவிட அழகான படத்தை நான் பார்த்ததில்லை.

4

பழகுவதற்காக ஆளுக்கு ஒன்று, சொந்த விஷயமாகப் போடுங்கள் என்றது அந்தப் பெண். அவசரம் வெகுநேரம் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"வாத்தியாரே, அக்கா வர்றா. எதுல போடறது?"

"எத்தனை மணிக்கு?"

"வண்டி காலைல. ஆனா அக்காவுக்கு எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணின்னு போட முடியுமா? செருப்பால அடிப்பா. ஒரு நாள் முழுக்க இருக்கேன்னு சொல்லியிருக்கா."

அங்கேயே ஒரு கட்டம் இருந்தது: நாள் முழுக்க. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நமக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. அவன் 'அக்கா' என்று போட்டான். நானும் அதே ஞாயிற்றுக்கிழமையில், அதே மாதிரி, 'கதை' என்று போட்டேன். நான் எழுதப் பழகிய மாலை வகுப்பின் ஆண்டு மலருக்கு ஒரு கதை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது தூக்கம். 'தூக்கம்' என்று போட்டால் அந்தப் பெண் சிரிக்குமே என்று 'கதை' என்று போட்டேன்.

லீவு என்று ஒரு வகையும் இருந்தது. அதைப் போட்டால் அந்த நாளில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் போனே 'இல்லை' என்று பதில் சொல்லிவிடுமாம். எங்கள் போனில் அந்தப் பட்டன் சாம்பல் பூத்துக் கிடந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. அது ஆபீஸில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றது அந்தப் பெண், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

5

அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அவளைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, அவசரம் கையில் பெட்டி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான். அப்போது கேட்டதுதான்.

அவளுடைய கணவர், அதாவது இவனுடைய மாமா, இறந்தபோது இவன் போகவில்லை. ஷிஃப்ட் இருக்கிறது, விடவில்லை என்று சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் போய் நின்றவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இப்போது மகனோடு இருந்துவிடலாம் என்று அவன் ஊருக்குப் புறப்படுகிறாள். போகிற ரயில் எங்கள் ஊர் வழியாகப் போகிறது. அதைச் சொல்லத்தான் அன்று அவளே கூப்பிட்டாள்.

"டேய், ஜன்னல்ல உக்காந்து பாப்பேன்," என்றாள் ஸ்பீக்கரில். "உன் மூஞ்சி தெரிஞ்சா இறங்குவேன். ஒரு நாள் முழுக்க உன் வீட்ல இருந்துட்டு மறுநாள் வண்டில போறேன். பொண்டாட்டிய அனுப்பாத. நீ வா."

"வர்றேங்க்கா."

"வரலேன்னா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன். ஷிஃப்ட்டு கிஃப்ட்டுன்னு சொல்லாத. பொணத்துக்கே ஷிஃப்ட்டு சொன்னவன் நீ."

"வர்றேன்னு சொல்றேன்லக்கா."

"சத்தம் என்ன அங்க? கீழ போட்டுட்டியா எதையாவது?"

போட்டுவிட்டிருந்தான்.

(இந்த இடத்தில் அவன் அழுதான் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் குனிந்து பெட்டியின் முனை நசுங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தான். அழுகையை நான் போட்டேன், கதைக்கு உப்பு போதவில்லை என்று.)

6

நேற்றுக் காலை ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் வந்தது. அவசரம் பெயர் இருந்தது. காலை லாரி.

சூப்பர்வைசரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

"நான்தான் போட்டிருந்தேனே சார். நாள் முழுக்கன்னு."

"அது பொறந்தநாளுக்குப் போடறதுய்யா. பொறந்தநாள்னா வேலைக்கு வராம இருப்பியா? நாள் முழுக்கன்னு போட்டா அது ஃப்ரீன்னுதான் எடுத்துக்கும். பிஸின்னு நீதான் மாத்தணும்."

"ஒரு மணி நேரம்னு போட்டிருந்தா?"

"அது பிஸி. ஷிஃப்ட் விழுந்திருக்காது."

அவசரம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு உண்டு. முழு நாளையும் தூக்கிக் கொடுத்தால், கொடுத்தவன் சும்மா இருக்கிறான் என்று பொருள். (இதை வைத்து ஒரு பக்கம் கட்டுரை எழுதலாம் என்று ஆரம்பித்தேன். இடுப்பு வலிக்கிறது. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

"இனி மாத்த முடியாதா சார்?"

"விழுந்தது விழுந்ததுதான். யாராவது ஃப்ரீயா இருந்தா மாத்திக்கோ. யாரும் இல்லாம நீயும் வரலேன்னா லாரி நிக்கும். லாரி நின்னா உன்ன வீட்டுக்கு அனுப்பிருவாங்க, மொத்தமா. எனக்குக் கையெழுத்து போடறதத் தவிர வேற வழி இல்ல."

அவசரம் போனில் தேடினான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருத்தன்தான் ஃப்ரீ என்று வந்தான். நாள் முழுக்க 'கதை' என்று போட்டிருந்தவன்.

டிங்.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சூப்பர்வைசர் மனம் இளகி, போய் வா தம்பி என்கிறார். எங்கள் கிடங்கு ஆட்கள் மலரைப் படித்தால் இந்த இடத்தில் கிழித்துவிடுவார்கள்.

இன்னொன்று: வண்டி ஒரு நாள் தாமதம். அவன் வேலையும் பார்த்துவிட்டு, மறுநாள் ரயிலடிக்கும் போய்விடுகிறான். வண்டிகள் தாமதமாவது நாம் அதில் போகும்போதுதான்.

இன்னும் ஒன்று: ஜன்னலில் தம்பி முகம் தெரியாவிட்டாலும் அக்கா இறங்கிவிடுகிறாள், விசாரித்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கே வருகிறாள், இவன் கையுறையோடு ஓடிவருகிறான், லாரியின் குளிர்ப்புகை இரண்டு பேரையும்

இல்லை. ஸ்பீக்கரில் கேட்ட அந்தக் குரல் இறங்காது.

எழுத எழுத ஒன்று புரிந்தது. கதைக்குள் எங்கே தேடினாலும் இவனுக்கு வழி இல்லை. வழி என் சட்டைப் பையில் இருக்கிறது, பதில் வராமல் அவ்வப்போது அதிர்ந்துகொண்டு. எனக்கு ஆறு நாள் அலுப்பு இருக்கிறது. தோளுக்கும் இடுப்புக்கும் நான் வாக்குக் கொடுத்த நாள் அது. 'ஒருவேளை' என்பதை அமுக்கிவிட்டுப் போனை அணைத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அமுக்கினால் பட்டியலில் என் பெயர் கோடு கோடாகத் தெரியுமாம். கோடு கோடாக ஒரு ஆள் லாரியிலிருந்து பெட்டி இறக்க முடியாது.

8

"என்ன வாத்தியாரே, விடாம எழுதற?" என்றான் அவசரம் இப்போது, எதிர் பெஞ்சிலிருந்து. நேற்றிலிருந்து அவன் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டிங் அனுப்பியதோடு சரி.

"உன்னப் பத்திதான்."

"என்னப் பத்தியா? அதுல எனக்கு லீவு கிடைச்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"கதைலயுமா!" என்று சிரித்தான். பிறகு பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னான். "நீ ஒண்ணும் சங்கடப்படாத. ஃப்ரீன்னு காட்டிச்சு, அமுக்கிட்டேன். நீ படுத்துத் தூங்கு. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தூக்கம் வருது."

"உங்கக்கா எந்தப் பக்கம் உக்காருவா?"

"என்னது?"

"வண்டில. எந்தப் பக்க ஜன்னல்? நீ அசைஞ்சு அசைஞ்சு எதிர்ப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி கிளம்பிரும்."

அவன் மூடிய பாத்திரத்தை மறுபடி திறந்து மூடினான். "ரெண்டு பக்கமும் ஓடிப் பாத்துக்கறேன்," என்றான். அவன் வாயில் 'ஓடி' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

9

இந்தக் கதைக்கு முடிவு எழுத ஞாயிற்றுக்கிழமையை வைத்திருந்தேன். நாள் முழுக்க. அந்த நாள் இப்போது என்னிடம் இல்லை. மலர்க்காரர்கள் திங்கட்கிழமை வந்து தாளை வாங்கிக்கொள்வார்கள். அதனால் கதை இத்தோடு நிற்கிறது.

வண்டி ரயிலடிக்குள் நுழையும் நேரத்தில் நான் லாரிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அக்கா எந்த ஜன்னலில் இருப்பாள், இவன் முகம் அவள் கண்ணில் படுமா, பட்டாலும் எழுவாளா, எனக்குத் தெரியாது. படிக்கிற நீங்கள் அந்தப் பக்கம் ஃப்ரீயாக இருந்தால், கொஞ்சம் போய் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இவன் மெதுவாகத்தான் வருவான். வண்டியைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.