தறிச் சத்தம் நின்ற ஒரு மணி நேரம்

அறுபத்தெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று தையல்நாயகிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போன நான்கு மாதமும் ரத்தப் பரிசோதனையில் பத்து, பன்னிரண்டு என்று சமர்த்தாக அடங்கியிருந்த எண் அது.

புருஷன் வீராசாமியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கிளம்பிய கட்டியைப் போன வருஷம், 1972இல், பட்டணத்து டாக்டர் நிணநீர்ப் புற்று என்றார். ஊசி போட்டார்கள். கட்டி கரைந்தது, கூடவே ஆளும் பாதி கரைந்துபோனார். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாளியும் கையுமாகக் கிடந்தவர், செத்தாலும் இனி அந்த ஊசி வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பினார். டாக்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. மாதம் ஒரு தரம் ரத்தம் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் நோய் திரும்புவதை முதலில் காட்டிக்கொடுக்குமாம். எண் ஏறினால் கட்டி தெரியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, உடனே வா, அப்போதே பிடித்தால் அடக்கிவிடலாம், விட்டால் என்னாலும் ஆகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ரத்தம் பார்ப்பது ஷபியுல்லா பாய். அவர்கள் தெருவிலேயே, ராமலிங்கத்தின் தறிக்கூடத்து முன்னறையை வாடகைக்குப் பிடித்து லேப் வைத்திருந்தார். வீராசாமி எப்போதும் அமாவாசையன்றுதான் போவார். நெசவாளிக்கு அதை விட்டால் ஓய்வு ஏது? இந்த அமாவாசைக்குப் பாய் தங்கை கல்யாணம் என்று வாலாஜாபாத் போய்விட்டார். ஆகவே நான்கு நாள் கழித்து, தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று. எண் அறுபத்தெட்டுக்கு ஏறியிருந்தது.

வம்பு அங்கேதான் பிறந்தது. குழாய் நிறுத்தும் தாங்கி, தறிக்கூடத்துச் சுவரில் அடித்த பலகைமேல் இருந்தது. தறி அடிக்கிற அடியில் பலகை அதிர்ந்து, தாங்கி நகர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குழாய் சாய்ந்தால் ரத்தம் வேகமாக இறங்கும், எண் பொய்யாக ஏறும். இதைப் பாயே கவனித்து, தன் தப்புதான் என்று வீராசாமியிடமே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். தையல்நாயகிக்குப் பாய்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல மனிதர்கள் சில நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

வீராசாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறங்கினது ரத்தமே இல்லை, தறிதான் என்றார். தாங்கியைத் தரையில் வைத்துப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வேறு லேபில் பார்க்கலாம் என்று பாய் கெஞ்சியும் அவர் மசியவில்லை.

“பகல்ல பார்த்த நெறத்தையும் வெளக்குல பார்த்த நெறத்தையும் வெச்சிக்கினு ரெண்டும் ஒரே பட்டுன்னு சொல்லுவியா நாயகி? நாலு தபா தறி நின்னப்ப அதே பலகையில பார்த்தது. இப்பவும் அப்பிடியே பாக்கணும். அப்பவும் ஏறுச்சின்னா நானே பஸ் ஏறுறேன்.”

அடுத்த அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை நோய் சும்மா இருக்குமா? தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒரே ஒரு மணி நேரம் தறியை நிறுத்துங்கள் என்று வீட்டுக்கு வீடு கைகூப்பினாள். அடுத்தவர் வேலையில் குறுக்கே நின்று பழக்கமில்லாதவள். கூச்சத்தில் நாக்கு குழறியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முகூர்த்தப் புடவை பாக்கி நிற்கிறதே என்று முனகிய ராமலிங்கம்கூட, முனகி முடிப்பதற்குள் தறிக்குழியிலிருந்து எழுந்துவிட்டார். தெரு அடங்கியது.

பாய் தாங்கியைச் சரிபார்த்தார், புதிதாக ரத்தம் எடுத்தார், குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். வீராசாமி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தையல்நாயகி குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் சிவப்பு அசையவே இல்லை. மேலே மெல்லிய கோடுபோல மஞ்சள் நீர் தெரிந்தது, அவ்வளவுதான். அவளுக்கு மூச்சு வந்தது. ‘தறிதான், பாழாய்ப்போன தறியேதான்’ என்று உள்ளுக்குள் கூத்தாடினாள். புருஷனை எழுப்பிச் சொல்லக்கூட வாயெடுத்தாள். பாய் வேண்டாம் என்று கையசைத்தார். ஆரம்பத்தில் எல்லா ரத்தமும் அப்படித்தான் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அப்புறம் இறங்கத் தொடங்கியது. அவள் கண்ணெதிரேயே இறங்கியது. போதும், நில் என்று மனசுக்குள் அதட்டினாள். மஞ்சள் நீண்டுகொண்டே போனது. எழுந்துபோய் அந்தக் குழாயைத் தட்டிவிட்டால்தான் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நேரம் ஆனதும் பாய் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அறுபத்தி நாலு,” என்றார்.

வீராசாமி கண்ணைத் திறந்தார். “தறி பண்ணது நாலு. மத்ததெல்லாம் என்னுதுதான் பாய்,” என்று சொல்லிவிட்டு, சாயங்காலப் பட்டணத்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நோய் திரும்பிவிட்டது என்பது தையல்நாயகிக்கு உறுதியாயிற்று. கூடவே, ஊசிக்குச் சம்மதித்துவிட்டாரே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நேரத்தில் நிம்மதி வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பையில் துணி எடுத்து வைத்தார்கள். வாளி ஒன்றும் எடுத்துக்கொள் என்றார் வீராசாமி, கிண்டலாக. அவளும் சிரிக்க முயன்றாள். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திக் காது கொடுத்தார். ஒரு மணி நேரம் முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. பாய் தலை குனிந்து வெளியே வந்ததைத் தெரு பார்த்திருக்கிறது. ஒரு தறிகூட இன்னும் ஓடவில்லை. வேலை நாளில் அந்தத் தெருவில் தறி நிற்பது என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஏதோ ஒரு வீட்டில் பிணம் கிடக்கும். எடுக்கும்வரை யாரும் இழை ஓட்டும் நாடாவைத் தொட மாட்டார்கள்.

“இப்ப யாரு பொணம் இங்க கெடக்குது?” என்றார் வீராசாமி. வியாதி வந்த நாளிலிருந்து அவர் குரல் நடுங்கி அவள் கேட்டதில்லை.

தையல்நாயகி எழுந்தாள். விடுவிடுவென்று தெருவில் நடந்து ராமலிங்கத்தின் வாசலில் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் கைகூப்பவில்லை.

“எங்க வூட்டுக்காரரு உசுரோட இருக்காருண்ணே,” என்றாள். “நெய்யுங்க.”