கையுறை போடாத விரல்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் திமிர். ரைபோசோம் பற்றிக் கதை எழுதப்போவதாகச் சொல்லி, தங்கை வேலை செய்யும் ஆய்வகத்துக்குப் போனேன். அறிவியலுக்குப் பத்தாம் வகுப்பிலேயே கும்பிடு போட்டவன் நான்.

முதல் தொடக்கம்: ‘செல்லுக்குள் ஒரு குட்டித் தையல்காரர் வாழ்ந்துவந்தார். அவருக்கு...’

(அடித்துவிட்டேன். தங்கை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.)

"தையல்காரரா? அண்ணா, ரைபோசோமுக்கு மூளையே கிடையாது. ஆர்.என்.ஏ.ன்னு ஒரு சீட்டு வரும். மூணு மூணு எழுத்தா படிக்கும். மூணு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். வரிசையா கோத்துட்டே போனா புரதம்."

"எழுத்தாளன் மாதிரின்னு சொல்லு."

"இல்லண்ணா. அது ஆரம்பிச்ச வேலையை முடிக்கும்."

2

அவள் மேசையில், பனிக்கட்டிமேல் சுண்டுவிரல் அளவில் ஒரு குழாய். உள்ளே ரைபோசோம்களும், மூன்று வாரம் பாடுபட்டு அவள் தயாரித்த ஆர்.என்.ஏ. சீட்டும். ரைபோசோம்கள் அதைப் படித்து ஒளிரும் புரதம் செய்தால், குழாய் பச்சையாக மின்னும்.

போன் பேச வெளியே போனாள். கதாசிரியருக்கு எதையும் தொட்டுப் பார்த்தாக வேண்டுமே! மூடியைத் திறந்தேன். அதன் உள்பக்கத்தை விரலால் தடவினேன். மூடிவிட்டேன்.

(நம் தோலில் ஆர்.என்.ஏ.வைக் குதறிப்போடும் நொதி இருக்கிறதாம். அதற்காகத்தான் அங்கே கையுறை. கை அழுக்காகாமல் இருக்க என்று நினைத்தேன். இதைப் படித்துத் தெரிந்துகொண்டது மறுநாள்.)

3

குழாய் மின்னவில்லை. ரைபோசோம்கள் தயாராக இருந்தும், படிக்கச் சீட்டு இல்லை.

"எங்க லேப் தலைமை மேடம் திட்டவே இல்லண்ணா, அதான் பயமா இருக்கு" என்றாள் போனில். "என் கைக்கு இந்த வேலை சரிப்படலையோன்னு கேட்டாங்க. என்னை வேலையில வச்சுக்கறதா இல்லையான்னு வெள்ளிக்கிழமை முடிவு சொல்றாங்களாம்."

"எங்க தப்பு பண்ணினே?"

(ஆமாம், நான்தான் கேட்டேன். வாசகரே, இங்கே கொஞ்சம் நிறுத்தி என்னைத் திட்டிக்கொள்ளலாம்.)

"தெரியலையே. நாலு தடவை சரிபார்த்துட்டேன்."

"அது வந்து... நான் அன்னிக்கு அந்த..."

"என்ன?"

"சாப்பிட்டியா?"

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ) குற்றவாளி ரைபோசோம். வசதி: அதற்கு வாய் கிடையாது.

ஆ) அண்ணன் திடீரென்று இறந்துபோகிறான். துக்க வீட்டில் யாரும் குழாயைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். (எனக்குச் சம்மதமில்லை.)

இ) தங்கை தானே கண்டுபிடித்து...

இன்று வியாழன். ‘வாசகரே’ என்று இதுவரை ஊரையே கூப்பிட்டது சும்மா. இதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. உனக்குத்தான் அனுப்புகிறேன், தங்கச்சி. மூடியைத் தொட்டது என் விரல். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை அப்படியே மேடத்திடம் காட்டு. நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

அதற்குப் பிறகு நடப்பதை நீயே எழுதிக்கொள். என்னைத் திட்டும் பகுதியை மட்டும் சுருக்கிவிடாதே.