மஞ்சள் விளக்கு

கணுக்கால் வரை புதைந்தது. எபேய் காலை உருவிக்கொண்டு, காட்டாற்றின் நடுவில் ஒரு கணம் நின்றான். மணல் மேலே வெந்து கிடந்தது, உள்ளே ஈரம். குலால் மலையின் தலையில் கறுப்பு கவிந்திருந்தது. அங்கே பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரும்.

இந்தப் பாதையில் லாரி ஓட்டுகிறவன் எவனும் ஆற்றை வெறுங்காலோடு நடந்து பார்க்காமல் வண்டியை இறக்கமாட்டான். குதிகால் மட்டும் புதைந்தால், வேகம் குறைத்து இழுவை கூட்டும் குட்டை லீவரைப் போட்டு, எஞ்சின் முக்கி முனக மெதுவாக ஏறிவிடலாம். கணுக்கால் புதைந்தால் அது போதாது. ஒரு பின்சக்கரம் குழி பறித்துச் சுற்ற, மற்றது செத்தது மாதிரி நிற்கும். இரண்டும் ஒன்றாகச் சுற்றும்படி சேர்த்துப் பூட்ட வேண்டும்.

பூட்டும் திருகு டாஷ்போர்டில் இருந்தது. அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றியிருந்தார் முதலாளி ஹலாக்கே. போன மாதம் மணல் தாண்டியபின் பூட்டை எடுக்க மறந்து, எரிமலைக் கற்களின் மேல் வண்டியை ஒடித்துத் திருப்பினான் எபேய். பூட்டோடு திரும்பினால் ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும்; வழுக்க இடமில்லாத பாறையில் பின் ஆக்சில் சுள்ளி மாதிரி முறிந்தது. மறந்தவனைவிடப் பூட்டின்மேல்தான் முதலாளிக்கு ஆத்திரம். அதைக் கட்டிப்போட்டார். எபேயை விட்டுவைத்தார். ஆனால் இந்த நடைக்குத் தானே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். முறிந்த துண்டை அவர் தூக்கிப் போடவும் இல்லை. அது அவர் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

"எவ்வளவு புதையுது?"

"குதிகால்தான் முதலாளி."

சொல்லிவிட்டு ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் திரும்பு என்றிருப்பார். திரும்பினால் நடை வீண், நாளைக்கு வேறொருவன் கையில் சாவி. எபேய்க்கு வேறு வேலையும் தெரியாது, சும்மா உட்காரவும் தெரியாது.

"அடேய், மணல்ல கோலமா போட்டுட்டு வந்த? என் மீனெல்லாம் மறுபடி உயிர் வந்து ஏரிக்கே போயிடும்போல!" மேலே கருவாட்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த நகீரு கத்தினாள். அவளோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். இறங்கச் சொன்னால் யாரும் இறங்கமாட்டார்கள். இறங்கினால் இடம் போய்விடும்.

குட்டை லீவரைப் போட்டு இறக்கினான். பாதி ஆறு ஒழுங்காகப் போனது. அவன் கால் புதைந்த அதே இடத்தில் வண்டி முனகி, சாய்ந்து, நின்றது. இடது பின்சக்கரம் மணலை வாரி இறைத்தது.

"குதிகால்னு சொன்ன" என்றார் ஹலாக்கே.

எபேய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். மேலே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எபேய்!" நகீருவின் குரல் வேறு மாதிரி வந்தது. "தண்ணி வருதுடா. வளைவுல நுரை தெரியுது."

கத்தியை எடுத்து டியூபை அறுத்தான்.

"தொட்ட, கையை ஒடிச்சிருவேன்!"

"ஒடிங்க. கரையேறினதும் ஒடிங்க."

திருகினான். பூட்டு விழுந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கிளட்சை மெல்ல விட்டான். வண்டி ஒருமுறை உதறிவிட்டு, இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகக் கடிக்க, எருமை சேற்றிலிருந்து எழுவதுபோல் எழுந்தது. நிறுத்தாமல் ஓட்டினான். முன்சக்கரங்கள் கரையில் ஏறின, பின்சக்கரங்களும் ஏறின. எதிரே செங்குத்தான பாறை. பாதை அங்கே இடது பக்கம் முழங்கை மாதிரி மடங்கியது.

பிரேக்கை மிதித்தான். திருகைத் திருப்பி எடுத்தான். விளக்கு அணையவில்லை.

பூட்டு முறுக்கேறிக் கிடக்கிறது, முறுக்குத் தளராமல் விடாது. இப்படியே வளைத்தால் இன்னொரு துண்டு. ஆக்சில் போனால் வண்டி இங்கேயே, தண்ணீரின் வழியிலேயே. முறுக்குத் தளர வண்டி நேராகக் கொஞ்சம் நகர வேண்டும்; முன்னால் ஒரு முழம்கூட இல்லை. பின்னால் இருந்தது. பின்னால் ஆறு இருந்தது.

"என்னத்துக்கு நிக்கிற? திருப்புடா!" ஹலாக்கே டாஷ்போர்டில் அறைந்தார்.

எபேய் ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

"பைத்தியக்காரா, எங்கடா பின்னால போற?" மேலிருந்து நகீரு கூரையைக் குத்தினாள். யாரோ குதித்த சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பழுப்பாக, சுள்ளிகளையும் சாணத்தையும் உருட்டிக்கொண்டு அது வந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை ஆடாமல் பிடித்து, வண்டியை நேராகப் பின்னுக்கு விட்டான். ஒரு சாண். இன்னொரு சாண். பின் டயரில் தண்ணீர் நாய் நக்குவதுபோல் சளப்சளப்பென்றது. ஹலாக்கேயின் காலடியில் கிடந்த துண்டு சரிவில் உருண்டு இருக்கைக்கடியில் போய் முட்டியது. அவர் குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முறுக்குத் தளர, அது ஒருமுறை சிமிட்டியது.