வெள்ளை பெயின்ட்டுக்கு அடியில்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஹைதராபாத்தின் பழைய சாமான் சந்தையான ஜுமேராத் பஜாரில் ஒரு பழைய மரப் பலகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பாம்பும் ஏணியும் கையால் வரைந்தது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை எனாமலில் ‘எஸ்-31’ என்று தடிமனாக எழுதியிருந்தது. நிஜாம் மஹல் நம்பர் என்றார் கடைக்காரர். நான் பேகம் பஜார் பாத்திரக் கடையில் வளர்ந்தவன். விற்கிறவர் நிஜாமை இழுத்தால் சரக்கு அடுத்த சந்திலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை என்று கண்டதற்கெல்லாம் வெள்ளை நம்பர் போடுகிறவர்கள் பொதுத்துறைக்காரர்கள். விளையாட்டுப் பலகைக்கும் போட்டவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? பலகையை வாங்கினேன். ஆளை நானே செய்துகொண்டேன்.

2

‘ஜகதீசன் சிறுவனாக இருந்தபோது உலகம் எவ்வளவு—’

வேண்டாம். பழைய சாமான் சேர்க்கிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

‘உப்பலில் அன்று மழை—’

[மழையை எடுத்து வைக்கிறேன். வேறு கதைக்கு ஆகும்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜகதீசன், உப்பல் பக்கம் ஒரு பொதுத்துறை ஆலையில் ஸ்டோர்ஸ் ஆபீசர். பழைய பலகை விளையாட்டுகள் என்றால் பித்து. நவாபு வீட்டுப் பட்டுச் சொக்கட்டான் துணி, லண்டன் குதிரைப் பந்தயம், பம்பாயில் அச்சடித்த வியாபார ஆட்டம் எல்லாம் குவார்ட்டர்ஸின் ஒரே பீரோவில் இருந்தன. மனைவி ஜலஜாவின் புடவைகள் டிரங்குப் பெட்டிக்கு மாற்றலாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் வழக்கப்படி நம்பர்.

“என் முதுகுல மட்டும்தான் இன்னும் போடல” என்றாள் ஜலஜா.

“நீ அசையும் சொத்தா அசையாச் சொத்தாங்கறது இன்னும் தீர்மானமாகலை.”

மகள் பாமா ஒரு ஆட்டம் கேட்டாள். தேய்ந்துவிடும் என்றார். “என் கையா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தெருவுக்கு ஓடினாள். ஆடாத ஆட்டங்களைப் பற்றி அவர் மணிக்கணக்கில் உருகுவார். எல்லா உருக்கமும் அந்தப் பாம்புப் பலகையில் வந்து முடியும். சின்ன வயதில் லாலாகுடா ரயில்வே காலனியில் அதில் தன்னை ஜெயிக்க ஆளே இல்லை என்பார்.

3

எதிரியாக முதலில் ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீசரை வைத்திருந்தேன். ஜகதீசன் அவரை ஒரு காப்பியில் சமாளித்துவிட்டார். ஆகவே அவரை நீக்கிவிட்டு, அக்கா பட்டுவைக் கொண்டுவருகிறேன்.*

* ஆடிட்டுக்கே அசராதவர்கள் அக்கா வந்தால் எழுந்து நிற்பார்கள்.

ஆலை கிளப்பின் ஆண்டு விழாவில் ஜகதீசனின் கண்காட்சி. திறந்துவைப்பவர் ஜெனரல் மேனேஜர். இத்தனை வருஷமாக ஜகதீசன் சொல்லி வந்த பால்யம் அன்றைக்குத்தான் ஊரறிய உறுதியாகப் போகிறது. பாம்புப் பலகை நடுநாயகமாக இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: ‘இதில் நான் தோற்றதே இல்லை.’

பட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“தோக்கப் போறோம்னா பலகையைக் கவுத்துட்டு ஓடறவன் எப்படிடா தோப்பான், ஜகு?”

கூட்டம் சிரித்தது. ஜெனரல் மேனேஜர் மரியாதைக்குச் சற்றுத் தாமதமாகச் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரயில்வே இன்ஸ்டிட்யூட் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்துப் பலகையை வாங்கியதே தான்தான் என்றாள். காம்பஸ் முள்ளால் மூலையில் தன் பேரைக் கீறியிருந்தாளாம்.

எல்லோரும் குனிந்தார்கள். மூலையில் எஸ்-31.

சுரண்டிப் பார்க்கலாமே என்றார் ஜெனரல் மேனேஜர். ஜகதீசனின் முகத்தில் அப்போது வந்த நிறத்தை நான்—

[எழுத வரவில்லை. அந்த எனாமலின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

“சார், சொத்து நம்பரை அழிக்கணும்னா கமிட்டி போடணும்.”

ஜெனரல் மேனேஜர் யோசித்தார். அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் மறுக்கக் கற்காத வார்த்தை ‘கமிட்டி’.

“கமிட்டி வரட்டும். அதுவரைக்கும் ஒரு ஆட்டம் வா. ஜெயிச்சவா எடுத்துண்டு போகலாம்” என்று பட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

4

முடிவுகள் கைவசம் மூன்று.

அ. ஜகதீசன் ஜெயிக்கிறார். [அக்கா விட்டுக்கொடுத்து. இது எந்த அக்கா?]

ஆ. நூற்றை நெருங்கும்போது பாம்பு கடிக்கிறது. அவர் கை தானாகப் பலகையின் விளிம்புக்குப் போகிறது—

இ. ஆடாமலே கொடுத்துவிடுகிறார். [எனக்கே நம்பிக்கை இல்லை.]

எதை வைத்தாலும் ஒரு தொல்லை. பலகை ஜுமேராத் பஜாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் அதை வேண்டாமென்று எறிந்திருக்க வேண்டும். தோற்றவர் எறிய முடியாது; பலகை அவரிடம் இருக்காது.

பலகை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. எனாமல் பழசு, நகம் பட்டாலே உதிரும். அடியில் ‘பட்டு’ என்று இருந்தால் ஜகதீசனின் பால்யம் போயிற்று. ஒன்றுமே இல்லாவிட்டால் என் கதை போயிற்று. நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. இப்படிப்பட்ட மூட்டையைப் பிரிக்கிற வேலையை வாங்குகிறவரிடம் விட்டுவிடுவேன். இந்தாருங்கள், உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

எடுக்கும்போது பார்த்து எடுங்கள். யாரோ கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு விளிம்பு பிளந்திருக்கிறது. உள்மரம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. பழைய பிளவு மாதிரித் தெரியவில்லை.