இடப்பக்கம் நின்ற வளைவு

டிக்கோயாவுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், 1998ஆம் ஆண்டுத் தேருக்கு வளைவு போடும் பொறுப்பு திலக்ஷனிடம் வந்தது. உயர்தர வகுப்பில் கணிதம் படிப்பவன். வளைவு ஒழுங்காக நின்றால் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தொண்டர் ஆசிரியர் வேலைக்கு அவன் பெயரைச் சொல்வதாகத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

கோயில் முற்றத்தின் நடுவில் கொடிமரம். அதற்கு வலப்பக்கப் பாதை மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு, இடப்பக்கப் பாதை கீழ் லயத்துக்கு. தேர் எப்போதும் வலப்பக்கம்தான் திரும்பும். முதல் அர்ச்சனை மேல் லயத்துக்கு. செல்லசாமி வீடும் அங்கேதான். சாமிக்கு இதில் ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை.

கொடிமரத்தடியைப் பூச்சியமாக வைத்துத் திலக்ஷன் எழுதினான்: y = 16 − (x + 6)². போன வருஷம் தேரின் கலசம் வளைவுத் தோரணத்தில் மாட்டியதால் பன்னிரண்டடி உயரத்தைப் பதினாறாக்கினான், சரி. வர்க்கத்துக்கு முன்னால் கழித்தல் போட்டதால் கிண்ணம் கவிழ்ந்து வளைவானது, அதுவும் சரி. வலப்பக்கம் ஆறடி தள்ள வேண்டும், வலம் என்றால் கூட்டல்தானே என்று அடைப்புக்குள் கூட்டல் ஆறு போட்டான்.

தாளைக் கீழ் லயத்து வகுப்புத்தோழி தனுஜாவிடம் கொடுத்துவிட்டுக் கலர் பல்பு வாங்க ஹட்டனுக்குப் போனான். அவள் தாளில் உள்ளபடி சுண்ணாம்பால் குறித்தாள். பையன்கள் மூங்கில் நட்டார்கள். பூசாரி மஞ்சள் துணி கட்டிப் பூசை போட்டார். பூசை போட்ட மூங்கிலைத் திருவிழா முடியும்வரை பிடுங்கக் கூடாது.

திரும்பி வந்தபோது வளைவு இடப்பக்கம் ஆறடி தள்ளி, கீழ் லயத்தைப் பார்த்து, மிக அழகாக நின்றது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க நீ இங்க இருந்தியா? x மைனஸ் ஆறா இருந்தாத்தான் வலப்பக்கம் ஆறுல அடைப்புக்குள்ள பூச்சியம் வரும். உச்சி அங்கதான் நிக்கும். இந்த வருசம் நாங்கதான் முதல்ல போலன்னு நெனச்சேன்."

செல்லசாமி வந்து வளைவைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது தெரியாம செஞ்சதா, கீழ் லயத்தானுக சொல்லிச் செஞ்சதா?"

தெரியாமல் என்றால் வேலை போகும். தெரிந்து என்றால் மேல் லயத்தில் குடியிருக்க முடியாது. அவன் வீடும் அங்கேதான்.

"நான்தாங்க தலைவரே தப்பா எழுதிட்டேன். தனுஜா சரியாத்தான் போட்டிருக்கு."

வளைவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்பதால் தேர் இடப்பக்கம் திரும்பியது. சாமி முதலில் வந்து பழக்கமில்லாததால் கீழ் லயத்தில் தேங்காய்கூடத் தயாரில்லை. வீடு வீடாகத் தேடி எடுக்கும்வரை சாமி காத்திருந்தது. கூடியிருந்த கூட்டத்தைச் செல்லசாமி கவனித்தார். மேல் லயத்தைவிட வாக்குகள் அதிகம். ஒலிபெருக்கியை வாங்கி, இந்த மாற்றம் தன் நெடுநாள் யோசனை என்றார். தொண்டர் ஆசிரியர் வேலைக்குத் திலக்ஷனுக்குப் பதில் தனுஜாவின் பெயரை அதே மூச்சில் சொன்னார்.

திலக்ஷன் கை தட்டவில்லை. பல்பு வயர் தேரில் மாட்டாமல் இருக்க அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான்.