திகதி போடாத பக்கம்

லண்டனிலிருந்து முதல் ஒப்பாரி வந்தபோது, காலமானவர் கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மச்சாள், மாமா எங்களை விட்டுப் போட்டாரே!" என்று போனுக்குள் மாமி மகள் பிரியந்தினி கதறினாள். ஜெனிற்றா கரண்டியும் கையுமாகத் திகைத்தாள். பிறகு கட்டிலோரம் திறந்து கிடந்த மடிக்கணினியைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. பதறிப்போய் போனை வைத்தாள்.

படகு எஞ்சின் திருத்திய கையால், அறுபத்தைந்து வயதில் அப்பா கனிசியஸ் தானே படித்துக் கட்டிய குடும்ப இணையத்தளம் அது. குருநகரிலிருந்து ஏழு நாடுகளுக்குச் சிதறிய நாற்பத்திரண்டு பேருக்கு அதுதான் வீட்டு அல்பம். புதிதாக ஒரு பக்கம் ஏறினால் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் தானாகப் போகும். டொக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து, மனிதர் தன் மரண அறிவித்தலைத் தானே தயாரித்தார். "உங்களிட்டை விட்டா அடையாள அட்டைப் படத்தைப் போட்டுக் கெடுப்பியள்" என்று, எஞ்சினைத் தோளில் தூக்கி நிற்கும் படத்தை இன்று காலைதான் தெரிவு செய்தார். திகதியை மட்டும் வெறுமையாக விட்டுச் சேமித்து வைக்கச் சொன்னார். ஜெனிற்றா அமத்தியது பக்கத்திலிருந்த 'வெளியிடு' பொத்தானை.

"எத்தினை பேர் பாத்திட்டினம்?" என்றார் அப்பா, விஷயத்தைக் கேட்டதும்.

"பதினொரு பேர்."

"அழி பிள்ளை, உடனை அழி."

அழிக்கத்தான் போனாள். விலாசப் பட்டியலின் கடைசிப் பெயரில் கண் நின்றது. றோய்.

ஆறு வருடத்துக்கு முன் தம்பி றோய் பாரிசில் யாருக்கும் சொல்லாமல் கலியாணம் கட்டினான். கனிசியஸ் ஒரே பின்னேரத்தில் தளத்திலிருந்த அவனுடைய படங்கள் அத்தனையையும், சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த படம் உட்பட, அழித்தார். றோய் அதைப் பார்த்தான். அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு நின்றது. அவன் எடுத்தால் கதைப்பேன் என்று இவர், அவர் எடுத்தால் கதைப்பேன் என்று அவன். அப்பாவின் நோய் முற்றிவிட்டது என்று ஜெனிற்றா சொல்லியும் இரண்டு பேரும் மசியவில்லை. நடுவில் கிடந்து தேய்ந்தது அவள்தான். ஆனால் படங்களை அழித்த மனிதர் விலாசத்தை அழிக்கவில்லை. பிறந்தநாள் படமும் பெருநாள் படமும் இத்தனை வருடமும் அவனுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன.

ஜெனிற்றா மடிக்கணினியை மூடினாள்.

"அழிக்க மாட்டன்."

"என்ன?"

"றோய் எடுக்கட்டும். அதுக்குப் பிறகு அழிக்கிறன்."

"அவன் எடுக்கான்." கனிசியஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அழி என்று மறுபடி சொல்லவில்லை.

அடுத்த வீட்டிலிருந்து பிரியந்தினியின் தாய் சின்னத்தங்கம் மாமி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "அண்ணை! இருக்கிறியளோ!" என்று கட்டில் காலைப் பிடித்து அழுதுவிட்டு, விஷயம் தெரிந்ததும் ஜெனிற்றாவிடம் திரும்பினாள். "உயிரோடை இருக்கிற மனிசனைச் சாக்காட்டிப்போட்டு இருக்கிறியே, உனக்குக் கடவுள் பயமில்லையே?"

"இருக்கு மாமி. ஆனா பிரியந்தினிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. அவள் றோய்க்குச் சொல்லிப்போடுவாள்."

வாயைக் கட்டிப் பழக்கமில்லாத மாமி, அண்ணனின் முதுகைப் பார்த்தாள். பிறகு தன் போனை நிறுத்தி மடியில் செருகிக்கொண்டு செபமாலையை எடுத்தாள்.

ரொறன்ரோ, ஒஸ்லோ, சென்னை. போன் அடித்தடித்து ஓய்ந்தது. அந்தப் பக்கம் எத்தனை பேர் அழுகிறார்களோ என்று நினைக்க ஜெனிற்றாவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இருந்தும் ஒன்றையும் எடுக்கவில்லை. பின்னேரம் நாலரை மணிக்குப் பிரான்ஸ் இலக்கம் வந்தது.

"அக்கா..." றோய் உடைந்து அழுதான்.

அவள் போனை அப்பாவின் காதில் வைத்தாள். கனிசியஸ் கொஞ்ச நேரம் மகன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் நிறைந்து வழிந்தது.

"டேய்," என்றார். "ஏன்ரா உப்பிடி அழுறாய்? நான் இன்னும் போகேல்லை."

அங்கே அழுகை சட்டென்று நின்றது. பிறகு பேச்சு, பிறகு சிரிப்பு. கனிசியஸ் மூச்சு வாங்கி வாங்கி அரை மணி நேரம் கதைத்தார். மருமகளின் பெயரைக் கேட்டார். பேத்திக்கு நாலு வயது என்று அறிந்தார். "படங்களை அக்காவுக்கு அனுப்பு, எல்லாத்தையும் போடட்டும்" என்றார். "சனிக்கிழமை வாறன் அப்பா" என்றான் றோய்.

ஜெனிற்றா பக்கத்தை அழித்தாள். நாற்பத்திரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். றோய் அனுப்பிய கலியாணப் படத்தை ஏற்றினாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, பேத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கனிசியஸ் கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை. மாமி கத்தி அழுதாள், முழந்தாளிட்டுச் செபித்தாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பங்குக் கோயிலில் அறிவிக்கப் போனாள். ஜெனிற்றா நெடுநேரம் அப்பாவின் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டு றோய்க்கு எடுத்தாள்.

உடனே எடுத்தான். குரலில் நித்திரையும் சிரிப்பும்.

"என்னக்கா, அப்பா திரும்பவும் செத்துப்போனாரோ?"

"றோய்..."

"நடிக்காதை. நேற்று ஏமாத்தினது காணும். அவரிட்டைக் குடு, நான் கதைக்கிறன்."

நேற்று அவனை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்று எதைச் சொல்லி நம்பவைப்பது என்று தெரியவில்லை.

"குடு அக்கா" என்றான் மறுபடி, சிரித்துக்கொண்டே.

அப்போது கோயில் மணி ஒருமுறை அடித்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொருமுறை. அந்தப் பங்கில் வளர்ந்த எவருக்கும் அது சாவு மணி என்று சொல்லத் தேவையில்லை.

ஜெனிற்றா யன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டிப் பிடித்தாள். கை உளைந்தது. மணி ஓயும்வரை உள்ளே எடுக்கவில்லை.